மின் அடுப்பு: நோயாளி உள்ள வீடுகளில் பாதுகாப்பான பயன்பாடும் பராமரிப்பும்

மின்னாற்றலை வெப்பமாக மாற்றிச் சமைக்க உதவும் கருவி மின் அடுப்பு ஆகும். எரிவாயு அடுப்புக்குத் துணையாகவோ மாற்றாகவோ இன்று பல வீடுகளில் இது இடம்பெற்றுள்ளது. சுடரும் எரிபொருள் புகையும் எரிவாயுக் கசிவும் இல்லாததால், ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் போன்றவை உள்ளவர்களுக்கு இது ஏற்றது. இரவில் நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சவும் வெந்நீர் வைக்கவும் வேண்டிய பராமரிப்பாளர்களுக்கும் வசதியானது. எனினும் தாளிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் எழும் நெடி எந்த அடுப்பிலும் எழும். ஆகவே அடுப்பை மாற்றிய பின்னரும் சன்னலைத் திறந்து வைப்பதையும் புகைபோக்கி விசிறியை இயக்குவதையும் கைவிடக் கூடாது.

மின் அடுப்பால் நேரக்கூடிய தீங்குகள் தீக்காயம், மின்னதிர்ச்சி, தீப்பற்றுதல் என மூன்று. இவை எல்லா வீடுகளுக்கும் பொதுவானவை. ஆனால் உணர்வு குன்றிய கால்கள், மார்பில் பொருத்தப்பட்ட கருவி, மூக்கில் ஆக்சிஜன் குழாய், மறதி ஆகியவற்றுள் ஒன்று உள்ள வீட்டில் வழக்கமான எச்சரிக்கை போதாது. இப்பக்கம் பெரும்பாலும் அத்தகைய வீடுகளைக் கருதியே எழுதப்பட்டுள்ளது.

வகைகளும் அவற்றின் இயல்பும்

திறந்த சுருள் அடுப்பில் நிக்ரோம் கம்பிச் சுருள் வெளியே தெரியும்படி இருக்கும். விலை மிகக் குறைவு என்பதால் வாடகை அறைகளிலும் மாணவர் விடுதிகளிலும் இது இன்றும் காணப்படுகிறது. இதன் சுருளிலேயே மின்சாரம் பாய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பால் பொங்கிச் சுருளில் வழிந்தாலோ, உலோகக் கரண்டியோ பாத்திரத்தின் அடியோ சுருளைத் தொட்டாலோ, பாத்திரத்தைப் பிடித்திருப்பவர் உடல் வழியே மின்சாரம் பாயக்கூடும். நோயாளி, முதியவர், குழந்தை ஆகியோர் உள்ள வீட்டில் இவ்வகை அடுப்பை அறவே தவிர்ப்பதே நலம்.

மூடிய தட்டு அடுப்பிலும் இன்ஃப்ராரெட் அடுப்பிலும் வெப்பமூட்டும் சுருள் உலோகத் தட்டுக்கு உள்ளேயோ கண்ணாடிப் பரப்புக்குக் கீழேயோ இருக்கும். எவ்வகைப் பாத்திரத்தையும் இவற்றில் வைக்கலாம். ஆனால் நிறுத்திய பின்னரும் பரப்பு நெடுநேரம் சூடாகவே இருக்கும். சிவப்பு நிறம் மறைந்துவிட்டதால் ஆறிவிட்டது என்று எண்ணிக் கைவைப்போர் பலர். நிறம் மறைந்த பின்னரும் தோலைப் பொசுக்கும் அளவுக்கு அதில் வெப்பம் எஞ்சியிருக்கும்.

இண்டக்சன் அடுப்பு வேறு முறையில் இயங்குகிறது. கண்ணாடிப் பரப்பின் கீழுள்ள செப்புச் சுருள், வேகமாக மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, அப்புலம் பாத்திரத்தின் அடிப்பகுதியையே நேரடியாகச் சூடாக்குகிறது. ஆகவே காந்தம் ஒட்டும் அடிப்பகுதி உடைய பாத்திரங்களே இதற்குப் பொருந்தும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சிறு காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்த்தே இதனை அறியலாம். பாத்திரத்தை எடுத்தவுடன் வெப்பம் உண்டாவது நின்றுவிடுவதும், நேரம் குறித்து நிறுத்தும் வசதி இருப்பதும் இதன் சிறப்புகள். இருப்பினும் சூடான பாத்திரத்திலிருந்து கண்ணாடிக்கு வெப்பம் ஏறும் என்பதால் இதன் பரப்பும் சுடும். அடுப்பில் 'எச்' என்ற எழுத்து தெரிந்தால் பரப்பு இன்னும் சூடாக உள்ளது என்று பொருள்.

மின் இணைப்பு

2000 வாட் திறனுள்ள அடுப்பு 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். விளக்குக்கும் கைப்பேசி மின்னேற்றிக்கும் பயன்படும் 6 ஆம்பியர் பிளக் முனை இதனைத் தாங்காது. 16 ஆம்பியர் முனையிலேயே இணைக்க வேண்டும். பெரிய பிளக்கைச் சிறிய துளையில் செருகுவதற்கென விற்கப்படும் மாற்றிகளையும் நீட்டிப்புப் பெட்டிகளையும் அடுப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. பிளக் தொடுவதற்குச் சூடாக இருந்தாலோ, துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலோ, கருகிய நாற்றம் வந்தாலோ அந்த இணைப்பை உடனே நிறுத்தி மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

மூன்று முனைப் பிளக்கில் தடித்து நீண்ட முனை எர்த் எனப்படும் நிலத்தொடர்புக்கானது. துளைக்குள் நுழையவில்லை என்று அதனை ஒடித்துவிடுவதும், அந்தக் கம்பியை இணைக்காமல் விடுவதும் வழக்கத்தில் உண்டு. கருவியின் உடலில் மின்கசிவு ஏற்பட்டால் அது தரைக்குச் செல்ல வேண்டிய வழி அதுதான். அவ்வழி அடைபட்டால் மின்சாரம் ஈரக் காலுடன் நிற்பவரின் உடல் வழியே செல்லும். வீட்டில் 30 மில்லிஆம்பியர் அளவில் செயல்படும் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்துதல் நன்று. ஈ.எல்.சி.பி. என்றே பலரும் இதனைச் சொல்வர். மாதம் ஒரு முறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தி, மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா எனப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஆக்சிஜன் செறிவூட்டி, காற்றுப் படுக்கையின் பம்பு, சளி உறிஞ்சும் கருவி ஆகியவை அடுப்பு இயங்கும் அதே மின்சுற்றில் இணைக்கப்பட்டிருந்தால், அடுப்பின் சுமையால் எம்.சி.பி. விழும்போது அக்கருவிகளும் நின்றுவிடும். சமையலறையில் இருப்பவர் அடுப்பு நின்றதை அறிவார். உள் அறையில் செறிவூட்டி நின்றதை அறிய மாட்டார். நோயாளியின் அறைக்குரிய மின்சுற்று தனியாக உள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். செறிவூட்டியின் எச்சரிக்கை ஒலி சமையலறைக்குக் கேட்கிறதா என்பதையும் ஒரு முறை சோதித்துப் பார்த்தல் நல்லது. வீட்டு இன்வெர்ட்டரில் அடுப்பை இணைக்கக் கூடாது. மின்தடையின்போது செறிவூட்டிக்குத் தேவையான சேமிப்பை அது விரைவில் தீர்த்துவிடும்.

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள்

பேஸ்மேக்கர் எனப்படும் இதயமுடுக்கியோ, ஐ.சி.டி. எனப்படும் இதய அதிர்வுக் கருவியோ பொருத்தப்பட்டவர்கள் இண்டக்சன் அடுப்பைப் பயன்படுத்தலாமா என்பது அடிக்கடி கேட்கப்படும் வினா. முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. ஆனால் இயங்கும் அடுப்புக்கும் மார்பில் உள்ள கருவிக்கும் இடையே குறைந்தது 60 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டடி இடைவெளி இருக்க வேண்டும் என்பதே பொதுவாக வழங்கப்படும் அறிவுரை. அடுப்பின் காந்தப்புலம் மிக அருகில் வந்தால், இதயத்தின் மின்குறிப்புகளைக் கருவி தவறாக உணர வாய்ப்புண்டு. அவ்வாறு உணர்ந்தால் பேஸ்மேக்கர் தேவையான துடிப்பைத் தராமல் விடலாம். ஐ.சி.டி. தேவையற்ற அதிர்ச்சியைத் தரலாம்.

நிமிர்ந்து நின்று கை நீட்டிச் சமைக்கும்போது இந்த இடைவெளியைக் காப்பது கடினமன்று. குனியும்போதுதான் அது குறைகிறது. அடுப்பைத் தரையில் வைத்து அமர்ந்து சமைப்பவர்களும், குழம்பின் பதத்தைக் குனிந்து பார்ப்பவர்களும் இதனை நினைவில் கொள்ள வேண்டும். பாத்திரம் சுருளின் நடுவில் சரியாக அமர்ந்து, வரையப்பட்ட வட்டத்தை மூடும் அளவில் இருக்க வேண்டும். சிறிய பாத்திரத்தை ஓரமாக வைத்தால் புலம் அதிகமாக வெளியே பரவும். பாத்திரத்தை நெடுநேரம் கையால் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர்த்து, மரக் கரண்டியால் கிளறுதல் நலம். சமைக்கும்போது தலைச்சுற்றலோ படபடப்போ தோன்றினால் உடனே அடுப்பை விட்டு விலக வேண்டும். விலகியவுடன் கருவி பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பிவிடும். ஆயினும் நிகழ்ந்ததை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சுருள் அல்லது தட்டு அடுப்புகளில் இவ்வகைக் காந்தப்புலச் சிக்கல் இல்லை. உடலில் வேறு மின்னணுக் கருவி பொருத்தப்பட்டவர்கள் அக்கருவியின் கையேட்டைப் பார்த்து, சிகிச்சை அளிக்கும் மருத்துவரையும் கேட்டறிய வேண்டும்.

நீரிழிவு நோயும் உணர்விழந்த கால்களும்

நீரிழிவு நோய் நரம்புகளைப் பாதிக்கும்போது பாதங்களிலும் சில வேளை கைவிரல்களிலும் சூடு தெரிவதில்லை. 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சில நொடிகளிலேயே தோலை ஆழமாகப் புண்படுத்தும். உணர்வுள்ளவர் அதற்குள் கையை இழுத்துக்கொள்வார். உணர்விழந்தவர் இழுப்பதில்லை.

இத்தகையோருக்கு ஏற்படும் தீக்காயங்கள் பல, சமைக்கும்போது நேர்ந்தவை அல்ல, ஒத்தடத்தால் நேர்ந்தவை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்துத் துணியைச் சூடாக்கி மூட்டிலும் பாதத்திலும் ஒற்றுவது நம் வீடுகளில் பழகிப்போன வைத்தியம். மின் அடுப்பில் கல் சில நிமிடங்களிலேயே மிகுந்த வெப்பம் அடைகிறது. சுடர் தெரியாததால் அதன் அளவும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நீரிழிவு நோயாளியின் பாதத்தில் சூட்டு ஒத்தடம் கொடுக்கக் கூடாது. பிற இடங்களில் கொடுப்பதாயின், கொடுப்பவர் முதலில் தம் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கால் கழுவும் வெந்நீரையும் நோயாளி தாமே காலால் சோதிக்காமல் மற்றொருவர் முழங்கையால் சோதித்துத் தர வேண்டும். சமையலறையில் வெறுங்காலுடன் நிற்காமல் ரப்பர் காலணி அணிவது, கொட்டிய வெந்நீரிலிருந்தும் மின்னதிர்ச்சியிலிருந்தும் ஓரளவு காக்கும்.

ஆவி பிடித்தல்

சளி பிடித்தால் ஆவி பிடிப்போர், சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று இண்டக்சன் அடுப்பின் மீதே பாத்திரத்தை வைத்து, தலையில் போர்வையைப் போர்த்திக் குனிவதுண்டு. இது செய்யத்தகாதது. நீர் கொதித்துக்கொண்டே இருப்பதால் நீராவி முகத்தையும் மூச்சுக்குழலையும் வேகவைத்துவிடும். போர்வையின் நுனி பட்டுப் பாத்திரம் சாய்ந்தால் மார்பிலும் மடியிலும் கொதிநீர் கொட்டும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கோ அடுப்பின் காந்தப்புலத்தின் மீதே மார்பைச் சாய்ப்பதாகும். குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் ஆவி பிடிக்கச் செய்யக் கூடாது.

ஆக்சிஜன் பெறுவோர்

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் எரிவதை மிக வேகமாக எரியச் செய்யும். மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் பெறுபவரின் தலைமுடியிலும் உடையிலும் படுக்கைத் துணியிலும் அது தங்கியிருக்கும். குழாயுடன் அடுப்பருகே சென்றால் செந்தணலாக உள்ள சுருளோ எண்ணெயில் பற்றும் சிறு தீயோ போதும், முகத்தில் தீப்பற்ற. 'மின் அடுப்பில்தான் சுடர் இல்லையே' என்னும் எண்ணம் இங்கே ஆபத்தானது. ஆக்சிஜன் பெறுபவரும் அவரது சிலிண்டரும் செறிவூட்டியும் இயங்கும் அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். குழாய் நீளமாக இருப்பதால் சமையலறை வரை வந்து பார்த்துவிட்டுப் போகும் பழக்கத்தை நோயாளியிடம் அன்புடன் எடுத்துரைத்துத் தடுக்க வேண்டும்.

மறதிநோய், வலிப்பு, கை நடுக்கம்

மறதிநோய் உள்ள முதியவர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் விறகு அடுப்பிலோ எரிவாயு அடுப்பிலோ சமைத்தவராக இருப்பார். கண்ணாடிப் பரப்புள்ள மின் அடுப்பு அவர் கண்ணுக்கு அடுப்பாகவே தோன்றாது. கறுத்த பலகை என்று எண்ணி அதன்மீது பிளாஸ்டிக் டப்பாவையோ கைத்துணியையோ செய்தித்தாளையோ வைக்கக்கூடும். பயன்படுத்தாத வேளையில் பிளக்கைக் கழற்றி, அடுப்பை அலமாரிக்குள் வைத்துவிடுவதே எளிய வழி. நிலையாகப் பொருத்தப்பட்ட அடுப்பாயின் அதன் மின்சுவிட்சை அவர் கைக்கு எட்டாத இடத்தில் அமைக்கலாம். சமையலில் இருந்து அவரை முற்றிலும் விலக்க வேண்டும் என்பதில்லை. காய் நறுக்கவும் கீரை ஆயவும் அவரை அருகில் அமர்த்திக்கொள்வது அவருக்கும் இதமளிக்கும்.

திருகு குமிழ் உள்ள அடுப்புகளில் இன்னோர் ஆபத்து உண்டு. மின்தடை ஏற்படும்போது குமிழைத் திருகி நிறுத்தாமல் விட்டுவிட்டால், மின்சாரம் திரும்பியதும் அடுப்பு தானாகவே சூடாகத் தொடங்கும். அதற்குள் வீட்டில் இருப்பவர் உறங்கியிருக்கலாம், மருத்துவமனைக்குப் புறப்பட்டிருக்கலாம். மின்சாரம் நின்றவுடன் குமிழை நிறுத்தி, சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். தொடு பொத்தான் உள்ள இண்டக்சன் அடுப்புகள் பெரும்பாலும் இவ்வாறு தாமாக இயங்குவதில்லை.

வலிப்பு நோய் உள்ளவர்கள் தனியே இருக்கும்போது எண்ணெயில் பொரிப்பதையும் அதிக நீரைக் கொதிக்க வைப்பதையும் தவிர்க்க வேண்டும். பாத்திரத்தின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். கொதிக்கும் குழம்பைத் தட்டுக்குத் தூக்கிச் செல்லாமல், தட்டை அடுப்பருகே கொண்டுவந்து பரிமாறிக்கொள்ளலாம். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர்களுக்கும் நடுக்குவாதம் உள்ளவர்களுக்கும் இதே முறை பொருந்தும். அவர்களுக்கு அகன்ற அடியும் இருபுறக் கைப்பிடியும் கொண்ட தாழ்வான பாத்திரங்கள் உதவும்.

எண்ணெய் தீப்பற்றினால்

இண்டக்சன் அடுப்பில் சிறிதளவு எண்ணெய் எதிர்பாராத விரைவில் புகையத் தொடங்கும். எண்ணெயை வைத்துவிட்டு நோயாளி அழைக்கிறார் என்று உள்ளே செல்ல நேர்ந்தால், முதலில் அடுப்பை நிறுத்திவிட்டே செல்ல வேண்டும். தீப்பற்றிவிட்டால் சுவிட்சை அணைத்து, பாத்திரத்தை அதற்குப் பொருந்தும் தட்டால் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் எண்ணெயில் நீர் பட்டால் அது கணத்தில் ஆவியாகி எண்ணெயைச் சிதறடிக்கும். எரியும் பாத்திரத்தைத் தூக்கிச் செல்லவும் கூடாது. தீ அடங்காவிடில் நோயாளியுடன் வெளியேறி, தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணில் அழைக்க வேண்டும்.

பராமரிப்பு

பிளக்கைக் கழற்றி, பரப்பு ஆறிய பின்னரே துடைக்க வேண்டும். நன்கு பிழிந்த ஈரத்துணி போதும். அடுப்பின் மேல் நீரை ஊற்றிக் கழுவக் கூடாது. இண்டக்சன் அடுப்பின் அடியில் காற்று செல்லும் துளைகளும் விசிறியும் உள்ளன. பரப்பு அழுக்காகாமல் இருக்கட்டும் என்று அடியில் செய்தித்தாளோ துணியோ விரிப்பது அத்துளைகளை அடைத்துவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் அளவேனும் தள்ளி வைக்க வேண்டும். மாவுத் தூசியும் கரப்பான் பூச்சிகளும் இத்துளைகள் வழியே உட்புகுந்து பழுதாக்குவது வழக்கமாகக் காணப்படுவது. வாரம் ஒரு முறை உலர்ந்த தூரிகையால் துளைகளைச் சுத்தம் செய்யலாம். சமையல் முடிந்ததும் விசிறி சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்ற பின்னரே சுவர்ச் சுவிட்சை அணைக்க வேண்டும்.

கண்ணாடிப் பரப்பில் மயிரிழை அளவு விரிசல் கண்டாலும் அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது. பொங்கிய பால் அவ்விரிசல் வழியே உள்ளிறங்கினால் மின்சாரம் பாயும் பகுதிகளைத் தொடும். நாடா ஒட்டிச் சமாளிப்பது தீர்வாகாது. மின்வடம் மேடையின் விளிம்பில் தொங்கினால் தவழும் குழந்தை இழுத்துவிடும். நடைச்சட்டம் பயன்படுத்துவோரின் காலிலும் அது சிக்கும்.

முதலுதவி

தீக்காயம் பட்ட இடத்தை உடனே குழாய் நீரில், ஓடும் நீரிலேயே, 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பனிக்கட்டி வைக்கக் கூடாது. இட்லி மாவு, பற்பசை, பேனா மை, மஞ்சள், நெய் எதனையும் தடவக் கூடாது. அவை காயத்தின் ஆழத்தை மருத்துவர் கண்டறியவொட்டாமல் மறைப்பதுடன் தொற்றுக்கும் வழிவகுக்கும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான ஒட்டாத துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதியவரையும் குழந்தையையும் குளிரச் செய்யாதபடி, காயமுள்ள பகுதியை மட்டும் நனைத்து, உடலின் மற்ற பகுதிகளைப் போர்த்திவிட வேண்டும்.

மின்னதிர்ச்சிக்கு உள்ளானவரை மின்சாரத்தைத் துண்டிக்காமல் தொடக் கூடாது. சுவிட்ச் எட்டவில்லையெனில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அதுவும் இயலாவிடில், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரைக் கருவியிலிருந்து விலக்கலாம். மூச்சு இல்லையெனில் 108-ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தத் தொடங்கி, உதவி வரும்வரை நிறுத்தாமல் தொடர வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்

உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் ஏற்பட்ட காயம், வெளுத்தோ கருகியோ வலியின்றியோ இருக்கும் காயம் ஆகியவற்றுக்கு அன்றே சிகிச்சை பெற வேண்டும். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் ஏற்பட்டது நாணய அளவுக் காயமாயினும், வலி இல்லையாயினும், காத்திருக்கக் கூடாது. மின்னதிர்ச்சியில் வெளிக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் இதயத் துடிப்பில் மாறுதல் நேர்ந்திருக்கலாம் என்பதால், மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு இருந்தோரும், இதய நோயாளிகளும், பேஸ்மேக்கர் உள்ளோரும், கருவுற்ற பெண்களும் கட்டாயம் மருத்துவமனைக்குச் சென்று இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும். செல்லும்போது நோயாளி உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், கருவி பொருத்தப்பட்டவராயின் அதற்கென வழங்கப்பட்ட அடையாள அட்டையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.